மாப்பிள்ளை பார்க்காத டூட்டி

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை, என் வீட்டில் அது கறாராக நடக்கிறது. பெண்ணைக் கொடுத்த இடம், பார்த்துப் பேசுங்கள் என்று என் மனைவி கண்ணாலேயே சொல்லிவிடுவாள். என் வயதில் பாதியே ஆனவரை ‘அவர்’ என்றும் ‘வாங்க, போங்க’ என்றும் சொல்லிக்கொண்டு, அவர் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சட்டத்தை உடைத்தேன். இன்றைக்கு வரை அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை.

நான் நெய்வேலியில் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். கன்வேயர் பெல்ட் பிரிவு. வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து போகிற பெல்ட்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. என் மாப்பிள்ளையும் அப்ரண்டிஸ் முடித்து அதே பிரிவுக்கு வந்தவர்தான்; தனிக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை மகளோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெல்ட்டுக்குத் தீபாவளி கிடையாது, பெருநாள் கிடையாது. கரி நின்றால் கரண்ட் நிற்கும். ஆகவே எந்தப் பண்டிகையானாலும் எங்களில் சிலர் உள்ளே இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முஸ்லிம் ஆட்கள் நாங்கள் டூட்டியை வாங்கிக்கொள்வோம். எங்கள் இரண்டு பெருநாளுக்கும் இந்து ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. சூப்பர்வைசரிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த மாநாடும் போட்டு, எந்தத் தலைவரும் கைகுலுக்கிப் படம் எடுத்து உண்டாக்கிய நல்லிணக்கம் இல்லை இது. நீ வீட்டில் இரு, நான் போகிறேன். அவ்வளவுதான்.

இதில் அவர்களுடைய பங்குதான் கஷ்டமானது என்பேன். தீபாவளி என்றைக்கு என்று காலண்டர் சொல்லிவிடும். நோன்புப் பெருநாள் அப்படியில்லை. பிறை தெரிந்தால் நாளைக்கு, தெரியாவிட்டால் நாளை மறுநாள். எங்களுக்காக டூட்டி வாங்கியவன் இரண்டு நாளுக்கும் தயாராக இருக்க வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், நோன்பு முடிகிற சாயங்காலத்தில் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் ஏறி, எங்களுக்கு முன்னாலேயே மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பான். “தெரியுதுங்க பாய், தோ அந்த மரத்துக்கு மேல” என்று அவன் போன் செய்த பிறகு நாங்கள் மாடி ஏறின வருடங்கள் உண்டு.

அந்த நண்பனுக்கு வளையமாதேவிப் பக்கம் ஊர். சுரங்கம் விரிந்தபோது நிலத்தைக் கொடுத்து வேலை வாங்கிய குடும்பம். நானும் அவனும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பிளாக்கில் குடியிருக்கிறோம். நான் அவனைப் பங்காளி என்பேன். அவன் என்னை என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாய் என்றுதான் கூப்பிடுகிறான், ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் பேசியதில்லை.

என் மகளுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் நோன்புப் பெருநாள் எங்கள் வீட்டில். மாப்பிள்ளைக்குக் காலை ஷிப்ட் விழுந்துவிட்டது. நான் வாய் திறக்கும் முன் பங்காளி வந்து நின்றான். “தம்பிக்குத் தலைப் பெருநாளு. அவரு எதுக்குங்க மைன்ஸுக்குப் போவணும், நான் பாத்துக்கறேன்” என்றான். அந்த வருடம் பிறை ஒரு நாள் தள்ளிப்போனது. அவன் இரண்டு நாளும் தன் வேலையை அதற்காக மாற்றிவைத்திருந்தான். மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுத் தீபாவளிக்கு நான் பாக்கறேண்ணே” என்றார். இதை என் காதால் கேட்டேன், என் வீட்டுக் கூடத்தில் வைத்து. அதே வருடம் ஆவணியில் பங்காளியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஐப்பசியில் அவர்கள் வீட்டில் தலைதீபாவளி.

இந்த இடைவெளியில்தான் மாப்பிள்ளையின் காதுக்குள் ஒருவர் குடிவந்தார். போனில் பேசுகிற ஆள். எந்த ஊர், யாரிடம் ஓதினார், ஒன்றும் தெரியாது. நல்ல குரல், வெள்ளை உடுப்பு, பின்னால் அலமாரி நிறையத் தடித்தடியாகப் புத்தகங்கள். டீ குடிக்கும்போதும் குளிக்கும்போதும் அந்தக் குரல் ஓடும். முதலில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசம் தொடப்படாமல் போனது. பிறகு எதிர்வீட்டு அம்மாவுக்குப் பண்டிகை வாழ்த்துச் சொன்னதற்காக என் மகளுக்கு அரைமணி நேரம் பாடம் நடந்தது. எனக்கும் ஒருநாள் பாடம் வந்தது. நம்மவர், அவர்கள் என்று கோடு போட்டுப் பேசினார். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அப்படியா மாப்ள என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

எனக்கு அந்தப் போன்காரர் மேல் இருக்கிற கோபத்தை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. அந்த மனிதருக்கு ஷிப்ட் கிடையாது. பக்கத்து வீடு கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தூங்கி வழிந்து தோளில் சாய்கிற ஆள் கிடையாது. யாருடைய முகத்தையும் மறுநாள் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் தினமும் முகம் பார்த்து வாழ்கிற ஆட்களைப் பற்றி எங்களுக்கே உத்தரவு போடுகிறார். அதை மார்க்கம் என்று வேறு சொல்கிறார். நான் அஞ்சு வேளையும் தொழுகிறவன். என் அத்தா தொழக் கற்றுக்கொடுத்த மார்க்கத்தில் இப்படி ஒரு பாடம் இருந்ததே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். வெளியே பொடிசுகள் பட்டாசைச் சேர்த்து வைக்கப் பொறுக்காமல் ஒவ்வொன்றாய் வெடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு வேறொருவருக்காகப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை வந்தார்.

“மாமா, நாளைக்கு நான் டூட்டிக்குப் போறதா இல்ல.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவங்க பண்டிகை கொண்டாடறதுக்கு நாம வழி பண்ணிக் கொடுத்தா அந்தப் பாவத்துல நமக்கும் பங்கு இருக்குன்னு சொல்றாங்க. யோசிச்சுப் பாத்தேன். மனசு ஒப்பல.”

“நீங்க வாக்குக் கொடுத்திருக்கீங்க மாப்ள.”

“அப்ப எனக்குத் தெளிவு இல்ல.”

அந்தத் தெளிவு என்ற சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. உங்கள் பெருநாளைக்கு அவன் வேலை பார்த்தபோது இந்தத் தெளிவு எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அவர் சிரித்தார். பெரியவர்களுக்குப் புரியாது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“நபியவங்க மக்காவ விட்டுக் கிளம்பினாங்களே, அந்த ஊரு ஆளுங்க அவங்களக் கொல்லப் பாத்துட்டு இருந்தாங்க. அப்பயும் அதே ஆளுங்க நம்பிக் கொடுத்து வச்ச பொருள ஒண்ணு விடாம திருப்பிக் கொடுக்க ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போனாங்க. ஓதினியா, இல்லையா?” என்றேன். என் வாயில் ‘நீ’ வந்துவிட்டது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. “அந்தப் பொருள வச்சு அவன் சிலைக்கு என்ன செய்வானோன்னு யோசிச்சாங்களா? நம்பி ஒப்படைச்சது, அமானிதம்னா அமானிதம். அவன் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடறான்னு பாத்துத் திருப்பிக் கொடுக்கற பொருளா அது?”

“அது வேற மாமா. அந்த நெலம வேற.”

“வாக்குக் கொடுத்துட்டு மாறுறது யாரோட அடையாளம்னு ஓதின? நயவஞ்சகனோட அடையாளம்னு ஓதினியா இல்லையா? அத உன் போன்ல இருக்கறவன் சொல்லலையா?”

“நீங்க கோவத்துல பேசறீங்க.”

“ஆமா, கோவத்துலதான் பேசறேன். மார்க்கத்துல எல்லை மீறிப் போகாதீங்க, உங்களுக்கு முன்ன இருந்தவங்க அதனாலதான் அழிஞ்சாங்கன்னு எச்சரிச்ச நபியோட உம்மத்து, அவங்க பின்னால வந்த கூட்டம்டா நாம. ஒருத்தன் வீட்டுத் தலைதீபாவளிய நாசம் பண்ணிட்டு சுவனத்துக்குப் போகப் பாக்கறியே, எனக்குக் கோவம் வராதா?”

அவர் உள்ளே போய் ஒரு பையில் துணியைத் திணித்தார். பண்ருட்டியில் அவர் அம்மா வீடு. கிளம்பும்போது என் மகள் வாசலில் நின்று, “நான் ரெண்டு நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தா, கேக்கவே மாட்டேங்கறாரு” என்றாள். பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி பெரிய சத்தத்தோடு மறுபடி பாத்திரம் கழுவினாள்.

எனக்கு அடுத்த வேலை இருந்தது. பங்காளியிடம் போய்ச் சொல்ல வேண்டும். “காய்ச்சல்னு சொல்லிடுங்க, மானம் போயிடும்” என்றாள் மனைவி. யோசித்துக்கொண்டேதான் நடந்தேன். அவன் வீட்டு வாசலில் புதுச் செருப்பாகக் கிடந்தது. உள்ளே சம்பந்தி வீட்டார் பேச்சு, முறுக்கு வேகிற வாசனை. நாற்காலியில் அவனுடைய மாப்பிள்ளை கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். பங்காளி என்னைப் பார்த்ததும் தட்டோடு கேட்டுக்கு வந்தான்.

“வாங்க பாய், வூட்டுக்குள்ள வாங்க. விடியக்காலம் மாப்ளைக்கு நாந்தான் எண்ண வச்சு உடணும்னு பேசிகினு இருக்காங்க. நான் சொல்லிட்டேன், தம்பி டூட்டிக்குப் போறாரு, நான் வூட்லதான் இருப்பன்னு.”

பொய் சொல்ல வரவில்லை. அவ்வளவு கோபம். “மாப்பிள்ள போகலயாம் பங்காளி. காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்ல. உங்க பண்டிகைக்கு ஒத்தாசை பண்ணினா பாவமாம். அவருக்கு யாரோ சொல்லியிருக்காங்க” என்றேன்.

அவனுக்கு முதலில் புரியவே இல்லை. “பாவங்களா?” என்றான். தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்தான். “இந்நேரத்துல வேற ஆளு கெடைக்காது. பரவால்லீங்க பாய், நானே போய்க்கறேன். நீங்க எடுத்துக்கங்க” என்று தட்டை நீட்டினான். நான் ஒன்று எடுத்து அவன் முன்னாலேயே கடித்தேன். 

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அவன் ஏறினான். தலையில் எண்ணெயும் சீயக்காயும் மணந்தது. யூனிஃபார்முக்குக் கீழே, மாற்ற நேரமில்லாமல் விட்டிருந்த புதுச் சட்டையின் காலர் தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டமா இல்லைங்க இன்னைக்கு, என்று ஏதோ பேசினான். டூட்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காதவர்கள் இருந்த பின் சீட்டுகளில் விஷயம் அதற்குள் பரவிவிட்டது. பிளாக்கில் எது மறைகிறது?

“இவங்க பெருநாளைக்கு மட்டும் நாம போவணும்” என்றது ஒரு குரல். இன்னொரு குரல், “அவங்க மதமே அப்படித்தான் சொல்லுதாம்பா. செல்லுல பாத்திருக்கேன்” என்றது.

நான் எழுந்து நின்றேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எங்க மார்க்கம் அப்படிச் சொல்லல. உங்கிட்ட சண்டைக்கு வராதவன் எவனா இருந்தாலும் அவங்கிட்ட நல்லபடியா, நியாயமா நடந்துக்கன்னுதான் சொல்லுது. போகலன்னு சொன்னது என் மாப்பிள்ள. அவரத் திட்டு, நானும் சேந்து திட்டறேன். மார்க்கத்தப் பேசாத” என்றேன்.

“உக்காரு பாய். உன்னயா சொன்னோம்? நீ நல்ல ஆளு” என்றார்கள்.

இதுவும் எனக்கு எரிகிறது. எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால் கேன்டீனில் டிவியைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரு முறை என்னைப் பார்ப்பார்கள். ஒரு உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலத்தையே கொன்றவன் என்று ஓதி வளர்ந்தவன் நான். செத்தவர்களுக்காக நானும்தான் வருந்துகிறேன். ஆனால் நான் மட்டும் அதைச் சத்தமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். சொன்னதும், நீ நல்ல ஆளு பாய் என்று ஒரு சர்டிபிகேட் கிடைக்கும். யார் கேட்டார்கள் அந்தச் சர்டிபிகேட்டை? ஒரு பக்கம் போன்காரர், இன்னொரு பக்கம் இந்த சர்டிபிகேட்காரர்கள். இரண்டு பேரும் ஒன்றுபோலவே பேசுகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தைப் பிடித்துக்கொண்டேன். இதைப் பற்றி மேடையில் பேசுங்கள் என்றேன். ஹஜ்ரத் சரி என்றார். நிர்வாகத்தில் இருக்கிற ஒருவர்தான் குறுக்கே வந்து, “எதுக்குப் பாய், இளவட்டங்க, அவங்க கிட்ட வாயக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கறது” என்றார். பயம். வெளியே இருப்பவர்களுக்கு எங்களைப் பார்த்துப் பயம், உள்ளே இருப்பவர்களுக்கு எங்கள் பிள்ளைகளைப் பார்த்தே பயம். நல்லவர்கள் எல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கத்துகிறவன் சொல்வதுதானே மார்க்கமாகும்? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

ஹஜ்ரத் அடுத்த ஜும்ஆவில் பேசினார். குரல் உயர்த்தாமல் பேசினார். உங்களை நடுநிலைச் சமுதாயமாக ஆக்கியிருக்கிறேன் என்று அல்லாஹ் சொல்கிறான், ஓரத்துக்குப் போகிறவன் நம் பாதையில் இல்லை என்றார். மார்க்கத்தில் வற்புறுத்தல் கிடையாது என்றார். இறந்துபோன ஒரு யூதருடைய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நபியவர்கள் எழுந்து நின்றதையும், அது யூதர் என்று சொன்னவர்களிடம் அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டதையும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பண்ருட்டியிலிருந்து திரும்பி வந்துவிட்ட மாப்பிள்ளை எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், “ஹஜ்ரத் பயந்துக்கிட்டுப் பேசறாரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் கிழவர் நிர்வாகத்தையும் மீறிப் பேசிய பேச்சுக்கு, பயம் என்று பெயர் வைத்தார்.

மறுபடி நோன்பு வந்தது. நானும் மாப்பிள்ளையும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டோம். பெருநாள் நெருங்கியபோது ஒருநாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாமா, பெருநாளுக்கு எனக்குக் காலை ஷிப்ட் விழுது. யாராச்சும் மாத்திக்குவாங்களான்னு கேட்டுப் பாருங்களேன்.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லை. கொடுப்பதுதான் பாவம், வாங்குவது ஆகும் போலிருக்கிறது. அந்தத் தெளிவையும் போனிலேயே வாங்கியிருப்பார். “நான் கேக்க மாட்டேன். கேக்கணும்னா நீங்களே வந்து கேளுங்க, நீங்க வாக்குக் கொடுத்த ஆளுகிட்ட” என்றேன். என் மனைவி இந்த முறை என் பக்கம் நின்றாள். “போயிட்டு வாங்க தம்பி” என்றாள்.

இரண்டு பேரும் நடந்தே போனோம்.  பங்காளி கேட்டுக்குப் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். தீபாவளிக்குப் பிறகும் அவன் என்னிடம் ஒரு நாள் முகம் திருப்பியதில்லை. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். பங்காளி குழாயை மூடிவிட்டு வந்தான்.

“போறேங்க தம்பி. அதுக்கு என்னா” என்றான். பிறகு என்னைப் பார்த்தான். “பாய், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது. தம்பி சொன்னதுலேருந்து மனசுல ஓடிகினே கெடக்குது. இத்தினி வருசமா உங்க பெருநாளுக்கெல்லாம் நான் டூட்டி பாத்துகினு இருந்தனே, அதுனால உங்களுக்கு எதுனா பாவம் சேந்துடுச்சுங்களா? எனக்கு அதெல்லாம் தெரியாதே. தெரியாம செஞ்சுட்டன்.”

குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். என் நோன்புக்கு, என் தொழுகைக்குத் தன்னால் ஏதாவது கெடுதல் வந்துவிட்டதோ என்று அத்தனை மாதம் மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே டப்பாவில் சோறு தின்றவன் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டான்.

“ஒண்ணும் இல்ல பங்காளி. நீ செஞ்சதுக்கு அல்லாஹ்கிட்ட உனக்குத்தான் நன்மை இருக்கு. இந்த மாதிரி இனிமே கேக்காத” என்றேன்.  மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளி சரிங்க, சரிங்க என்று தலையாட்டினான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறை தெரிந்து, பெருநாள் விடிந்தது. நான் குளித்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது. பங்காளி. பின்னால் பஸ் உறுமுகிற சத்தம். பெருநாள் வாழ்த்துச் சொல்கிறான் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“பாய், பஸ்ஸு வந்துடுச்சு. ஏறப் போறேன். நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் வராதுங்களே?”

நான் போனை மாப்பிள்ளையின் கையில் வைத்து, “பதில் சொல்லு” என்றேன்.